பிரேமா தமிழ் படித்த கதை

பிரேமாவுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, ஆற்றுக்கால் கோயில் பொங்கலன்று கதினா வேட்டு வெடித்தது. சாலைக் கம்போளம் என்ற சந்தைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் கைக்குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழுதன. பிரேமா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு வெண்டைக்காய்க் காம்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வடிவம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்து, பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டாள். தட்டு உருண்டு, சுழன்று, அடங்கியது. பிள்ளை திரும்பவில்லை. இன்னொரு தடவை போட்டாள். அதற்குப் பிறகு போடவில்லை.

வடிவம்மாளும் அவள் புருஷன் சொரிமுத்துவும் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்கள். அவன் சாலையில் அரிசி மூட்டை சுமந்தான். அவள் ஒரு சைவ ஹோட்டலில் காய்கறி நறுக்கினாள். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்திருந்தாள். மலையாளம் பேச்சாக மட்டும் தெரியும், ஓர் எழுத்துகூட வாசிக்க வராது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் காதில் கருவியை வைத்துப் பார்த்தார்கள். நரம்பே செத்துப் போயிருக்கிறது, மெஷின் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை என்றார்கள். ஆறு வயதில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றில், விடுதியோடு சேர்த்துவிட்டார்கள். அதுவரை பிரேமாவிடம் மொழி என்று எதுவும் கிடையாது. வாயருகே கை குவித்தால் சாப்பாடு. கன்னத்தில் கை வைத்தால் தூக்கம். மீசையை முறுக்கினால் அப்பா. மூக்கைத் தொட்டால், மூக்குத்தி போட்ட அம்மா. இப்படிப் பத்துப் பன்னிரண்டு சைகைக்குள் அந்த வீட்டின் பேச்சு முடிந்துவிடும்.

பள்ளிக்குப் போன அடுத்த ஓணத்துக்கு வந்தபோது அவள் கைகள் நிற்கவே இல்லை. எதையோ காட்டினாள், முகத்தைச் சுளித்தாள், சிரித்தாள், திரும்பவும் காட்டினாள். மலையாளத்தில் தன் பெயரைச் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். வடிவம்மாள் சிலேட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்தபடி பார்த்தாள். சொரிமுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிக்குப் போய் இருபது முப்பது சைகை கற்றுக்கொண்டான். ஞாயிறு ஹோட்டலில் கூட்டம் அதிகம் என்பதால் வடிவம்மாளுக்கு லீவு கிடைக்காது. அப்பாவும் மகளும் கையாட்டிச் சிரிப்பதை அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிரேமாவுக்குப் பன்னிரண்டு வயதான வருஷம், ஓணம் லீவில், வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சொரிமுத்து குடித்துவிட்டு வந்தான். வடிவம்மாள் ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை வீசினாள். அது அவன் நெற்றியில் பட்டு ரத்தம் கொட்டியது. பிரேமா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். அந்த வீட்டில் இது முதல் சண்டையும் அல்ல.

அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை, கிடங்கில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகள் சரிந்து சொரிமுத்துவின் மேல் விழுந்தன. தூக்கி எடுத்தபோது உயிர் இல்லை.

சொரிமுத்துவின் தம்பி வன்னியபெருமாள்தான் விடுதிக்குப் போய்ப் பிள்ளையை அழைத்து வந்தான். போகும்போது, “மைனி, அவகிட்ட நான் எப்படிச் சொல்லதுக்கு?” என்று கேட்டான்.  விடுதியிலும் அன்றைக்கு வார்டன் மட்டும்தான் இருந்தாள், டீச்சர்கள் யாரும் இல்லை. திடீரென்று வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள் என்றதும் ஏதோ விசேஷம் என்று பிரேமா நினைத்துக்கொண்டாள். பச்சைப் பட்டுப் பாவாடை கட்டி, நெற்றியில் சாந்து வைத்து, பஸ்ஸில் சித்தப்பாவுக்கு ஜன்னல் வழியாக ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டே வந்தாள்.

முற்றத்தில் ஆட்கள். நடுவில் பெஞ்சில் அப்பா. தலையைச் சுற்றி வெள்ளைத்துணிக் கட்டு. பிரேமா போய் அவன் தோளை உலுக்கினாள். மீசையைப் பிடித்து இழுத்தாள். இமையைப் பிரித்துப் பார்த்தாள். பெண்கள் கத்திக்கொண்டு வந்து பிடித்து இழுக்க, ஒருத்தியின் கையைக் கடித்தாள். வடிவம்மாள் எழுந்து மகளின் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, “மக்களே, அப்பா போயிட்டாருட்டி… போயிட்டாரு” என்று அலறினாள். பிரேமா அந்த வாயையே பார்த்தாள். பள்ளியில் மலையாள உதட்டசைவைத்தான் அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். அழுகையில் கோணிப்போன தமிழ் உதட்டிலிருந்து அவளால் எதை எடுத்துக்கொள்ள முடியும்?

தைக்காட்டுச் சுடுகாட்டுக்கு வண்டி போனபோது பெண்பிள்ளை என்று அவளைக் கூட்டிப்போகவில்லை. நான்கு நாள் அவள் அப்பாவின் தட்டை எடுத்து வைத்தாள். ஐந்தாம் நாள், தட்டை எடுக்காமல், அம்மாவையே வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு விடுதிக்குப் போய்விட்டாள். டீச்சர் அங்கே ஒரு சைகையால் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த லீவுக்கு வந்தபோது அப்பாவைத் தேடவில்லை.

ஆனால் அதன் பிறகு பிள்ளை பழைய பிள்ளை இல்லை. அம்மா தலைவாரப் போனால் தலையை இழுத்துக்கொள்வாள். ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாள். ராத்திரி பாயைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொள்வாள். மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் சைகை படித்துக்கொண்டது போலத் தான் படிக்காததால் மகளுக்குத் தன்மேல் வெறுப்பு என்று வடிவம்மாள் எண்ணினாள். படிப்பு ஏறினால் இப்படித்தான், காய் நறுக்குகிறவளை மதிக்காது என்று ஹோட்டலில் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அதையும் நம்பினாள்.

பிரேமா படித்தாள். பத்தில் அவள்தான் பள்ளியில் முதல். பன்னிரண்டும் முடித்தாள். காது கேளாதவர்களுக்கென்று நகரத்திலேயே இருந்த ஒரு கல்லூரியில் காமர்ஸ் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. சைகையில் பாடம் நடத்தினார்கள். விடுதி இல்லாததால் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்தாள். ஒரே அறையில் இரண்டு பேரும் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பாமல் சாப்பிட்டார்கள்.

இரண்டாம் வருஷம் அவள் அடிக்கடி விழ ஆரம்பித்தாள். சாயங்காலமானால் வாசல் ஓடைக்குள் காலை விட்டாள். பக்கவாட்டில் நின்று கையசைத்தால் கவனிக்காமல் போகிறாள், திமிர் என்று கூடப் படித்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். கல்லூரியில் சைகை மொழிபெயர்க்கும் பெண் சந்தேகப்பட்டுக் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வடிவம்மாளும் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் கூடப் போனாள்.

டாக்டர் வயதானவர். படங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மே, இது ஜென்மனா உள்ளதா. காதும் கண்ணும் ஒந்நிச்சு போகுந்ந அசுகம். பதுக்கெ பதுக்கெ காழ்ச்ச குறையும்” என்றார்.

காதைத் தின்ற அதே நோய்தான், பிறவியிலேயே உள்ளே இருந்தது, இப்போது கண்ணையும் தின்றுகொண்டிருக்கிறது. அது வடிவம்மாளுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. “ஆப்பரேசன் செய்தா சரியாகும் அல்லே டாக்டரே?” என்று கேட்டாள். அவர் தலையசைத்து இல்லை என்றார். மொழிபெயர்ப்புப் பெண்ணின் கைகள் பிரேமாவின் முன்னால் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன. பிரேமா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எத்தனை வருஷம்? ஐந்தும் ஆகலாம், இருபதும் ஆகலாம் என்றார் டாக்டர்.

பதினொரு நாள் பிரேமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் எழுந்து குளித்து எங்கோ போனாள். திரும்பி வந்தபோது கையில் தடித்த காகிதக் கட்டு ஒன்று இருந்தது. கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, காகிதத்தில் மேடு மேடாக இருந்த புள்ளிகளை விரலால் தடவ ஆரம்பித்தாள். அது பிரெயில். பார்வையற்றவர்களின் எழுத்து. கண் போவதற்கு முன்பே கற்றுவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

வடிவம்மாள் அதைத் தினமும் பார்த்தாள். கண் இருக்கும்போதே கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே. ஒரு நாள் தாங்க முடியாமல், “குருட்டுப் படிப்பு எதுக்குட்டி உனக்கு, இப்பவே எதுக்கு?” என்று கத்தி, அந்தக் கட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். பிரேமா துண்டை அவிழ்த்து, எரிவதைப் பார்த்தாள். அடுத்த நாள் இன்னொரு கட்டு கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அதைத் தலைக்கு வைத்துத்தான் தூங்கினாள்.

பட்டம் வாங்கும்போது அவளுடைய பார்வை ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் இருந்தது. அதன் வழியாகப் பார்த்துத்தான் பரீட்சை எழுதினாள். வேலைக்கு அலைந்த இடங்களில் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காது கேட்காதவருக்கு ஒரு வேலை இருக்கிறது, கண் தெரியாதவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, இரண்டும் இல்லாதவரை எங்கே உட்கார வைப்பது என்றார்கள். ஒரு அலுவலகத்தில் எழுத்துத் தேர்வில் தேறினாள். நேரில் பார்த்ததும் திருப்பி அனுப்பினார்கள். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. நாணயம் குண்டூசித் துளையானது. இருபத்தெட்டாவது வயதில், ஒரு மழைக்காலத்தில், அந்தத் துளையும் அடைந்துவிட்டது.

இனி யார் கையசைத்தாலும் அவளுக்குத் தெரியாது. மூக்கைத் தொட்டுக் காட்டினாலும் தெரியாது. அந்த வீட்டில் மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டு சைகையும் ஒரே நாளில் போய்விட்டது.

வடிவம்மாள் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனாள். வேறு வழி தெரியவில்லை. ஒரு நாள் திரும்பி வந்தபோது பிரேமா தரையில் உட்கார்ந்து வலது கையைத் தண்ணீர் வாளிக்குள் வைத்திருந்தாள். தேநீர் போடப் போய்க் கொதித்த பாத்திரத்தைக் கவிழ்த்திருந்தாள். விரல் நுனிகள் மூன்று வெந்து கொப்பளித்திருந்தன. அவள் வாசிக்கும் விரல்கள் அவை. வடிவம்மாள் மருந்து வைக்கக் கையைப் பிடித்தபோது பிரேமா இழுத்துக்கொண்டாள். பிறகு, மருந்து வைக்க வேறு யாருடைய கையும் இல்லாததால், நீட்டினாள். இரண்டு பேருமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று வடிவம்மாள் நினைத்துக்கொண்டு படுத்த நாள்கள் அந்த வருஷத்தில் உண்டு.

காதும் கண்ணும் இல்லாத பிள்ளைகளுக்கு வீடு தேடி வந்து கற்றுக்கொடுக்கும் ஸ்ரீப்ரியா டீச்சர் அந்தச் சமயத்தில்தான் வந்தாள். கல்லூரியில் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். கரமனை அக்ரஹாரத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். வீட்டில் தமிழ் பேசுகிறவள், படித்ததெல்லாம் மலையாளத்தில். உள்ளே வந்ததும் பூட்டைப் பார்த்தாள்.

“வெளியில பூட்டிண்டா போறேள்?”

“நான் என்ன செய்ய டீச்சரே. வேலைக்குப் போகாம ஒக்குமா?”

ஸ்ரீப்ரியா பிரேமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கைகளைத் தன் கைகளின் மேல் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சைகை செய்தாள். பிரேமா விரல்களால் அந்த அசைவைத் தொட்டு வாசித்தாள். ஐந்து நிமிஷம் கழித்து அவள் முகம் நெகிழ்ந்தது. ஏழு மாதமாக யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“நீங்களும் இவகிட்டப் பேசணும்” என்றாள் ஸ்ரீப்ரியா.

“எனக்கு இந்த ஆட்டமெல்லாம் வராது. மலையாளம் எழுத்தும் தெரியாது.”

“தமிழ் எழுத்து தெரியுமோன்னோ? அது போறும். பிரெயில்ல ஆறே ஆறு புள்ளிதான். மலையாளத்துக்கும் தமிழுக்கும் ஒரே புள்ளி. க-வுக்கு அங்க என்னவோ அதுதான் இங்கயும். இவளோட ரெண்டு கையிலும் மும்மூணு விரலை எடுத்துக்கோங்கோ. ஒரு விரல் ஒரு புள்ளி. நீங்க தட்டினா அவ வாசிச்சுடுவா.”

இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு தட்டு தட்டினால் அ. இடது மோதிர விரலையும் வலது கையில் முதல் இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கினால் ஆ. ஐம்பத்தைந்து வயதில் வடிவம்மாள் மறுபடியும் அரிச்சுவடியில் உட்கார்ந்தாள். ஹோட்டலில் காய் நறுக்கும் பலகையின் மேல் விரல்களைத் தட்டிப் பார்ப்பாள். கத்தரிக்காய் என்பதைத் தட்டிக்கொண்டே கத்தரிக்காயை வெட்டுவாள். மேஸ்திரி பார்த்துவிட்டு, “சேச்சிக்குப் பிராந்தாணோ?” என்றான். பைத்தியம் என்று சொன்னால் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

மகளின் கையில் அவள் முதன்முதலில் தட்டிய சொல் மழை. வெளியே பெய்துகொண்டிருந்தது. பிரேமாவின் கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி நனைத்துவிட்டு, துடைத்து, தட்டினாள். மலையாளத்தில் அது மழ. தமிழில் கடைசியில் ஒரு புள்ளிக்கூட்டம் கூடுதல். பிரேமா அந்தக் கூடுதலில் திகைத்து நின்றாள். திரும்பத் தட்டச் சொன்னாள். அப்புறம் அவளே அம்மாவின் விரல்களைப் பிடித்து, மழை என்று அந்தக் கூடுதலோடு தட்டினாள். அப்பாவும் அம்மாவும் வாயை அசைத்து அசைத்து இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்தது ஒரு மொழி என்பதும், அதற்கும் எழுத்து உண்டு என்பதும், அது தான் படித்த மொழியின் பக்கத்து வீடு என்பதும் அவளுக்கு அன்றைக்குத்தான் தட்டுப்பட்டது.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. ஸ்ரீப்ரியா பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளிக்கு எழுதி, அங்கே பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பாடப்புத்தகங்களை வரவழைத்தாள். வெந்த விரல்களில் தோல் தடித்துப்போயிருந்ததால் பிரேமா இடது கையால் வாசிக்கப் பழகினாள். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. பொருள் தெரியாத சொல் வந்தால் அம்மாவின் கையைத் தேடிப் பிடிப்பாள். வடிவம்மாள் ஒரு கத்தரிக்காயையோ, சீப்பையோ, தன் முழங்காலையோ தொடக் கொடுத்துப் புரியவைப்பாள். புரியவைக்க முடியாததை ஸ்ரீப்ரியா வரும்போது கேட்பார்கள்.

ஒன்றரை வருஷம் ஆயிற்று, ஒழுங்காக ஒரு வாக்கியம் போவதற்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது, பிரேமா அம்மாவின் கைகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தட்டினாள்.

“அப்பாவை நீ ஏன் கொன்னது?”

வடிவம்மாள் தப்பாக வாசித்துவிட்டோம் என்று நினைத்தாள். மறுபடி தட்டச் சொன்னாள். மறுபடியும் அதே எழுத்துகள் வந்தன.

“என்னது, என்ன சொல்லுத?” என்று வாய்விட்டுக் கத்தினாள். பிறகு நினைவு வந்து கையில் தட்டினாள். “யார் சொன்னா?”

“யாரும் சொல்லல்ல. நான் பார்த்தேன். நீ எறிஞ்சு. நெற்றியில் ரத்தம். பின்னே நான் வந்தப்போ தலையில் கட்டு. செத்துப்போச்சு.”

வடிவம்மாளின் கைகள் மகளின் மடியில் கிடந்தன. பதினேழு வருஷம். தலைவாரப் போனபோது இழுத்துக்கொண்டது, வாயை மூடிக்கொண்டது, சுவரோரம் பாயை நகர்த்தியது, எல்லாம் அதற்காகவா? கொலைகாரியின் பக்கத்தில் ஒரு பிள்ளை படுத்துத் தூங்கியிருக்கிறது. அதை யாரிடமும் கேட்கவும் அதற்கு வழி இருந்திருக்கவில்லை. இறந்துவிட்டார் என்று பள்ளியில் சொன்னவர்கள் எப்படி என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

அழுகை அடங்கியதும் அவள் தட்ட ஆரம்பித்தாள். கிடங்கு என்ற சொல் பிரேமாவுக்குத் தெரியவில்லை. அரிசி மூட்டை தெரிந்தது. கரண்டிக் காயம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது என்று சொன்னாள். வியாழக்கிழமை காலையில் அப்பா இட்லி தின்றுவிட்டுப் போனார் என்று சொன்னாள். பதினெட்டு மூட்டை விழுந்தது என்று சொன்னாள். தலையில்தான் அடி என்று சொன்னாள். தப்பு விழும்போதெல்லாம் பிரேமா கையைத் தடவித் திரும்பச் சொல்லச் சொன்னாள். பொழுது சாயும்வரை அது நடந்தது.

கடைசியில் பிரேமா கேட்டாள். “அப்பா என் பேர் சொன்னதா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். வடிவம்மாள் தட்டினாள்.

“ஒண்ணும் சொல்லல்ல மக்களே. தூக்கும்போதே உயிர் இல்ல.”

பிரேமா எழுந்து போய்த் தன் பாயில் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் கையைக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை வடிவம்மாள் வேலைக்குப் புறப்படும்போது, பின்னாலிருந்து வந்து அவள் தலையைத் தொட்டு, முடியைக் கோதி, சீப்பை வாங்கி, ஒழுங்கில்லாமல் ஒரு பின்னல் பின்னிவிட்டாள். வடிவம்மாள் அந்தப் பின்னலோடுதான் ஹோட்டலுக்குப் போனாள்.

வேலை கிடைத்தது அதற்கு அடுத்த வருஷம். பார்வையற்றவர்களுக்குப் பாடப்புத்தகம் அச்சடிக்கும் ஒரு சிறிய அச்சகத்தில் பிழை பார்க்கும் பிரிவுக்கு ஹரிகுமார் என்பவர் பொறுப்பு. அவருக்கும் கண் தெரியாது. பிரேமாவை அழைத்துப்போன ஸ்ரீப்ரியாவிடம், “நான் பேசினா இவங்க கேக்காது, இவங்க கை காட்டினா நான் காணாது. எப்படி சரியாகும்?” என்று சிரித்தார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் பிரெயிலில் ஒரு கேள்வியைக் குத்திக் கொடுத்தார். பிரேமா பதிலைக் குத்திக் கொடுத்தாள். அப்படியே ஒரு மணி நேரம் போயிற்று. மலையாளப் பக்கம் ஒன்றில் அவர் வேண்டுமென்று விட்டிருந்த ஆறு பிழையையும், அவர் கவனிக்காமல் விட்டிருந்த ஏழாவது பிழையையும் அவள் கண்டுபிடித்தாள். வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலை. சம்பளம் கொஞ்சம்தான்.

தமிழ்வழிப் பள்ளிகளின் பிள்ளைகளுக்காக ஒரு நான்காம் வகுப்புப் புத்தகம் வந்தபோது அச்சகத்தில் பிழை பார்க்க ஆள் இல்லை. ஹரிகுமார் அதைப் பிரேமாவிடம் கொடுத்தார். பிறந்ததிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லைக் காதால் கேட்டிராதவள், தமிழ் எழுத்தைக் கண்ணால் படித்திராதவள், அந்தப் புத்தகத்தை வரி வரியாகத் தடவினாள். பள்ளி திறந்தது என்பதில் ள-வுக்குப் பதில் ல விழுந்து, பல்லி திறந்தது என்று அச்சாகியிருந்ததை அவள்தான் பிடித்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையில் அதைத் தட்டிக் காட்டிவிட்டுத் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பிச் சிரித்தாள். வடிவம்மாள் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

இந்த வருஷம் பங்குனியில் வடிவம்மாளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிரேமாவும் கூட வந்தாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, ஆப்பரேஷன் செய்யாவிட்டால் அதிக நாள் இல்லை, செய்தாலும் இந்த வயதில், இந்த உடம்பில் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். வெளியே பெஞ்சில் பிரேமா இரண்டு கையையும் நீட்டிக் காத்திருந்தாள்.

வெறும் வாயுத் தொல்லை என்று சொல்லத்தான் வடிவம்மாள் நினைத்துக்கொண்டு வந்தாள். வா என்ற எழுத்தையும் தட்டிவிட்டாள். பிரேமா அவளுடைய மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்து நாடியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவம்மாள் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் தட்டினாள்.

பிரேமா நாடியிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள். பிறகு தட்டினாள்.

“ஆப்பரேசன் என்னைக்கு?”

“ஆனி மாசம் பிறந்து.”

“அதுக்கு முன்னால் நான் தனியே பஸ் ஏறப் படிக்கணும். ஸ்டவ் பற்றவைக்கப் படிக்கணும்.”

“நான் எங்கியும் போகமாட்டேன்டி.”

“அது உனக்குத் தெரியாது” என்று தட்டினாள் பிரேமா.

வெள்ளைக் கோல் பிடித்து நடக்க ஸ்ரீப்ரியா இரண்டு மாதம் பழக்கினாள். பிரேமா மூன்று தடவை விழுந்தாள். ஒரு தடவை தவறான நிறுத்தத்தில் இறங்கி, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல், உதவிக்கு வந்து தொட்டவர்கள் யார் என்றும் தெரியாமல், இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றாள். தான் யார், எங்கே போக வேண்டும் என்று மலையாளத்தில் அச்சடித்த அட்டை கழுத்தில் தொங்கியது. அதைப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. வீடு வந்து சேர்ந்ததும் சாப்பிடாமல் படுத்தாள். மறுநாளும் போனாள்.

ஆப்பரேஷன் முடிந்து வடிவம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஹோட்டல் வேலைக்கு இனிப் போகக் கூடாது என்றுவிட்டார்கள். இப்போது வீடு நடப்பது பிரேமாவின் ஒப்பந்தச் சம்பளத்தில். அது மார்ச் வரைக்கும்தான் உறுதி. புதுப்பிப்பார்கள் என்று ஹரிகுமார் சொல்கிறார், சொல்லும்போது குரலில் அவ்வளவு தெம்பு இல்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் பிரேமா வந்து கோலை மடக்கி வைத்துவிட்டு, அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். ஏழாம் வகுப்புப் புத்தகம் வந்திருக்கிறது, அதில் ஒரு சொல், உய்த்துணர்தல், அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். வடிவம்மாள் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தாள்.

“எனக்கும் தெரியலட்டி. நான் அஞ்சோட நின்னுட்டேன்.”

“சரி. பாளையங்கோட்டைக்கு எழுதிக் கேட்கிறேன். தெரிஞ்சா உனக்கும் சொல்றேன்” என்று தட்டிவிட்டு, பிரேமா அடுப்பைத் தேடி எழுந்தாள்.